கனவும் தள்ளுவண்டியும்

ஆசிரியரின்றித் தானே கற்றவன் என்று ஒரு கலைஞனைப் புகழ்வது எளிது. அவன் எவற்றிடமிருந்து கற்றான் என்று ஆராய்வதே திறனாய்வின் கடமையாகும். பிரான்சு நாட்டின் தென்கிழக்கே, ஓத்ரீவ் என்னும் சிற்றூரில் தபால்காரராகப் பணியாற்றிய ஃபெர்டினான் ஷெவால் (1836–1924) இதற்குத் தக்க சான்றாவார்.

ரொட்டி சுடும் தொழில் பயின்ற அவருக்குப் பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. நாள்தோறும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நடந்து கடிதங்களை வழங்குவது அவர் பணி. அந்நடையின் தனிமையில் மனத்துள் ஓர் அரண்மனையைக் கட்டிவந்தார். 1879ஆம் ஆண்டில், தம் 43ஆம் வயதில், விந்தையான வடிவுடைய கல்லொன்று அவர் காலை இடறிற்று. அன்று முதல் கற்களைப் பொறுக்கித் தள்ளுவண்டியில் சேர்த்து, சுண்ணாம்பும் சிமெண்டும் கொண்டு இரவு நேரங்களிலும் கட்டலானார். 1912இல் அவரது 'இலட்சிய மாளிகை' முற்றுப்பெற்றது.

அவருடைய ஆசிரியர்கள் யாவர்? இயற்கையும், அஞ்சலட்டைகளும், படம் நிறைந்த இதழ்களுமே. அதனாலன்றோ, இந்தியாவை ஒருநாளும் காணாத அவருடைய மாளிகையின் மேற்குச் சுவரில், மசூதிக்கும் சுவிட்சர்லாந்து மரவீட்டுக்கும் துணையாக ஓர் இந்துக் கோயிலும் இடம்பெற்றது! நம் சிற்ப நூல்களின் இலக்கணத்தை அதில் தேடுவது வீண். தொலைவிலுள்ளதைப் படத்தால் மட்டுமே அறிந்த ஒருவரின் வியப்பே அங்குக் கல்லாகியுள்ளது.

அவர் மறைந்த 1924ஆம் ஆண்டிலேயே, அறிவின் கட்டுப்பாட்டை நீக்கிக் கனவுக்கும் அடிமனத்துக்கும் இடந்தரும் சர்ரியலிசக் கொள்கையின் அறிக்கையை ஆந்திரே பிரெத்தோன் வெளியிட்டார். பின்னர் அவர் ஷெவாலைத் தம் இயக்கத்தின் முன்னோடியெனக் கொண்டாடிக் கவிதை யாத்தார். மாக்ஸ் எர்ன்ஸ்ட் அத்தபால்காரரின் பெயரால் ஓர் ஒட்டுப்படம் படைத்தார்.

இப்பாராட்டு உண்மையே, ஆயினும் அது பாதி உண்மை. கனவு தானே சுவரெழுப்புவதில்லை. தம் உழைப்பை 10,000 நாள், 93,000 மணி, 33 ஆண்டு என எண்ணி மாளிகையிலேயே பொறித்துவைத்தவர் ஷெவால். மணிக்கணக்கு வைப்பது கனவு காண்போர் இயல்பன்று, உழைப்போர் இயல்பு. ஊரார் நகைத்தபோதும், 1894இல் 15 வயது மகளை இழந்தபோதும் பணியைக் கைவிட்டாரில்லை. மாளிகையில் தம்மை அடக்கம் செய்யச் சட்டம் இடந்தராமையால், முதுமையில் மேலும் எட்டாண்டு உழைத்து ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் தம் கல்லறையையும் தாமே கட்டி முடித்தார். 1969இல், அமைச்சர் ஆந்திரே மால்ரோவின் முயற்சியால், அம்மாளிகை பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாயிற்று.

ஆகவே, அவரைக் கனவின் குழந்தை என்று மட்டும் கூறி அமைவது அத்தள்ளுவண்டிக்கு இழைக்கும் அநீதி. அலுவலகம் முடிந்து வீடு திரும்பியபின் எழுதுகோலையோ தூரிகையையோ கையிலெடுக்கும் நம்மவர்க்கு, அவர் கனவினும் அவ்வண்டியே அணுக்கமான துணையாகும்.