மூன்றடியா, ஐந்தடியா?

திருகோணமலை உப்புவெளியில் இருக்கிற வீட்டோடு ஓர் அறையும் குளியலறையும் சேர்க்க நினைப்பவர், அத்திவாரம் எவ்வளவு ஆழம் என்று முதலில் மேசனைத்தான் கேட்பார். "மூண்டடி காணும். கருங்கல் போட்டா அசையாது." படம் கீறிக் கொடுத்தவர் நாலரை என்று எழுதியிருப்பார். சென்னையில் வேலை பார்க்கும் மருமகன் வாட்ஸ்அப்பில் வந்து, "அஞ்சடிக்குக் குறைய வெட்ட விடாதேங்கோ மாமா, இங்க எல்லா வீடும் அப்பிடித்தான்" என்பார். மூவரும் மனதில் வைத்துப் பேசும் வீடு வேறு வேறு.

திருகோணமலையில் சாதாரண வீட்டுக்கு நீளக் கிடங்கு வெட்டி, அடியில் கொங்கிறீட் பரப்பி, கருங்கல் கட்டி, மேலே புளொக் கல் சுவர் எழுப்புவார்கள். சுமையைச் சுவரே தாங்கி, கிடங்கின் நீளம் முழுக்கப் பகிர்ந்து இறக்குகிறது. தமிழ்நாட்டு நகரங்களில் இன்று ஒற்றை மாடிக்கும் பில்லர்தான். வீட்டின் பாரம் ஏழெட்டுப் புள்ளிகளில் குவிகிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி, தனி ஃபுட்டிங். மருமகனின் ஐந்தடி அந்தக் குழிக்கு உரியது. அதை மேசனின் கருங்கல் கிடங்குக்குக் கொண்டுவந்தால் கல்லும் கூலியும் கூடும். மணல் சரிந்து கிடங்கும் இரட்டிப்பாக அகலும்.

இந்தியத் தர நிர்ணயமும் ஐந்தடி கேட்கவில்லை. ஐ.எஸ். 1904, அதன் 1986ஆம் ஆண்டுப் பதிப்பில், இயற்கை நிலமட்டத்திலிருந்து குறைந்தது 50 செ.மீ. என்கிறது. இரண்டடிகூட இல்லை. மற்றதை மண் தீர்மானிக்க வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல், மழையில் ஊதிக் கோடையில் வெடிக்கும். அந்த அசைவு ஏறக்குறைய மூன்றரை மீற்றர் ஆழம்வரை போகும் என்பதால்தான், ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் விரிந்த பைல்களை வளர்த்தெடுத்தது. இலங்கைப் பொறியியலாளர்களிடம் நெடுங்காலம் புழங்கியவை பிரித்தானிய நூல்கள். அவற்றில் வரும் 450 மி.மீ. என்ற எல்லை, உறைபனி மண்ணைத் தூக்காமல் இருப்பதற்கானது. கோணேசர் மலையடியில் உறைபனிக்குப் பயந்தவர் யாருமில்லை!

திருகோணமலை மாவட்டத்துக்குள்ளேயே மண் ஒன்றாக இல்லை. கோணேசர் மலையில் குவார்ட்சைட் பாறை. உப்புவெளி, நிலாவெளியில் கடல்மணல். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் மூதூர்ப் பக்கம் ஆற்று வண்டல். மணல் நல்ல தாங்குமண்தான், ஒதுங்கவோ அரிக்கவோ விடாதவரை. 2004 டிசம்பர் 26இல் சுனாமி அலை திரும்பியபோது, நாகப்பட்டினத்திலும் சரி கிழக்குக் கரையிலும் சரி, அடிமணல் அரித்துப் போய்ச் சுவர் விழுந்த வீடுகள் உண்டு. கரையோரத்தில் கூடுதல் ஆழம் கேட்பதற்கு அது வலுவான காரணம். பாரம் என்ற கணக்கில் அங்கே ஓர் அறைக்கு அவ்வளவு தேவைப்படாது.

ஆனால் பழைய வீட்டோடு ஒட்டிக் கட்டும்போது, இந்த மூவரில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: பழைய அத்திவாரம் எவ்வளவு ஆழம்? அது இரண்டடியில் நின்றால், அதை ஒட்டி ஐந்தடி வெட்டுவது பழைய சுவரின் காலடி மண்ணை உருவுவதாகும். மணலில் அருகருகே வரும் இரு அத்திவாரங்களின் அடிவிளிம்புகளை இணைக்கும் கோடு, இரண்டு பங்கு கிடைக்கு ஒரு பங்கு நிமிர்வைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது என்று அதே ஐ.எஸ். 1904 சொல்கிறது. அதாவது மூன்றடி கூடுதலாக இறங்க வேண்டுமானால் ஆறடி தள்ளிப் போக வேண்டும். ஒட்டுச் சுவரில் அது நடவாது. பழைய மட்டத்திலேயே நின்று, புதுச் சுவரைப் பழையதோடு பிணைக்காமல் இடைவெளி விட்டுக் கட்டுவதே பல வீடுகளுக்குப் பொருந்தும். புதுப் பகுதி எப்படியும் கொஞ்சம் இறங்கும். பிணைத்தால் வெடிப்பு மூலையில் ஆரம்பித்துக் கூரைவரை ஓடும்.

பழைய ஆழத்தை அறிய ஒரு மண்வெட்டியும் ஒரு காலைப்பொழுதும் போதும். பழைய சுவரின் வெளிமூலையில் சின்னக் குழி எடுத்தால், கருங்கல் எங்கே முடிகிறது, அடியில் கொங்கிறீட் உண்டா, மண் எந்த நிறம் என்பதெல்லாம் தெரியும். ஓர் அறைக்கு இதைச் செய்து பார்ப்பவர்கள் இரு கரையிலும் குறைவு. சொல்லப்போனால், ஆழத்தைப் பற்றிய வாக்குவாதம்தான் அதிகம்.

குழியை ஆவணியில் எடுத்தால் நாலடியிலும் உலர்ந்திருக்கலாம். வடகீழ்ப் பருவமழைக்குப் பின் அதே இடத்தில் தண்ணீர் நிற்கும். நீர்மட்டம் அத்திவாரத்தின் அடிவரை ஏறினால் மணலின் தாங்குதிறன் பாதிவரை குறையலாம். ஆகவே கிடங்கின் அகலத்தை முடிவு செய்யுமுன், மார்கழியில் வளவுக் கிணற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்று வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேட்டு, அதையும் படத்தில் குறிக்கச் சொல்லலாம்.