பிளாக்கில் ஏறாத முகம்

பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு வீட்டுப் பெரியவர் காலமானால், காரியமெல்லாம் முடிந்த கையோடு பிள்ளைகள் கூப்பிட்டு அனுப்புவது மாஸ்க் ரோட்டுக்குப் பின்சந்தில் இருக்கும் பழைய பேப்பர் கடைக்காரரைத்தான். நாங்கள் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். தமிழ்ப் புத்தகம் எது வந்தாலும் எடைக்குப் போடும் முன் எனக்காக ஒதுக்கி வைப்பார். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆல்பர்ட் பேக்கரியில் கீமா சமோசா வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். "மூணு கட்டு இருக்கு சார். மழை வர்றதுக்குள்ள பாத்துடுங்க" என்றார்.

இரண்டாவது கட்டின் நடுவில் அட்டை கிழிந்துபோன ஒரு வாரப் பத்திரிகை. 1979ஆம் வருடத்து இதழ். அந்த வருடத்தை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசக் குழந்தைகள் ஆண்டாக அறிவித்திருந்தது. குழந்தைகள் படம் இருந்தால் அனுப்பு என்று படக்காரனான எனக்குப் பத்திரிகைகளிலிருந்து கடிதம் மேல் கடிதம் வந்த காலம். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு தலைவலித் தைல விளம்பரத்துக்கு மேலே அப்படியே நின்றுவிட்டேன். நான் எடுத்த படம். நான்கு விரல் அகலம்கூட இல்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் என் பெயர்.

சமோசா ஆறிப்போனது.

அந்தப் படம் பிறந்த இடம் என் வீட்டிலிருந்து நடை தூரம்: பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷன். கன்டோன்மென்ட் ஸ்டேஷனைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு ஸ்டேஷனா என்று தோன்றும். அந்த நாளில் அங்கே நிற்கிற வண்டிகள் குறைவு. நிற்கிறவற்றில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பங்காருப்பேட்டை, தங்கவயல் பக்கம் போகும் நம் ஜனங்கள். ஜனவரி மாதத்து விடியல். கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிற ஊர் இது. ஜனவரியில் விடிகாலையில் வாயைத் திறந்தால் புகை வரும். தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் வெயில் கிடையாகப் புகுந்து பிளாட்பாரத்தில் நீளநீளமாகக் கிடந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மகனுக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். பையனுக்கு ஐந்து வயது இருக்கும். புது ஷூ. அவன் ஷூவைப் பார்க்கவில்லை. வண்டி வரும் திசையில் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு, ஒரு கையால் அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

என்னிடம் இருந்தது யாஷிகா. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். இந்த வகைக் கேமராவின் அருமையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வராது. கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டாம். வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்து பார்த்தால் போதும், உள்ளே கண்ணாடித் தட்டில் உலகம் மிதக்கும். இடம் வலமாக, வலம் இடமாக. எதிரே இருப்பவருக்கு நம் முகம் தெரியாது, தலைமுடிதான் தெரியும். முறைக்கிறான், குறிவைக்கிறான் என்கிற எண்ணமே வராது. எதிராளி முன்னால் தலை குனிந்து நிற்காமல் படம் எடுக்கவே முடியாத கருவி அது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஓர்வோ பிலிம் கிடைப்பதே அபூர்வமாக இருந்த நாள்; ஒவ்வொரு சொடுக்கும் கணக்கு. நான் இரண்டு எடுத்தேன். முதலாவதில் பையன் அசைந்துவிட்டான். இரண்டாவதுதான் இது.

அச்சில் வந்த படத்தில் அப்பாவின் முகம் இல்லை. பத்திரிகை ஆபீசில் மேலேயும் பக்கத்திலும் வெட்டிவிட்டார்கள். எஞ்சியது பையனின் முகம், கீழே லேஸ் கட்டும் இரண்டு கைகள், அவன் விரல்கள் பற்றியிருக்கும் கொஞ்சம் தலைமுடி. போதாக்குறைக்கு, சென்னையில் ஒரு ரயில் நிலையத்தில் என்று கீழே வரி. அன்று நான் பட்ட கோபம் இன்னும் நினைவிருக்கிறது. அந்த முகத்துக்காகத்தான் நான் படமே எடுத்தேன். அந்தப் பத்திரிகைக்கு ஒரு வருஷம் படம் அனுப்பவில்லை.

அந்த இதழை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, நெகட்டிவ் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் பக்கத்தின் மேல் வைத்தேன். பையன் போய்விட்டான்; புள்ளிகள்தான் இருந்தன. ஆப்செட் வந்த பிறகு பிறந்தவர்களுக்கு இந்தப் புள்ளியின் கதை தெரிய வாய்ப்பில்லை. படத்தை ஒரு கண்ணாடித் திரையின் வழியே மறுபடி படம் பிடிப்பார்கள். திரையில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். படத்திலுள்ள சாம்பல் முழுவதும் அங்கே புள்ளியாக உடையும். இருட்டான இடத்தில் கொழுத்த புள்ளி, வெளிச்சமான இடத்தில் கடுகைவிடச் சின்னப் புள்ளி. அதைத் துத்தநாகத் தகட்டில் இறக்கி அமிலத்தில் விட்டால், புள்ளிகள் மட்டும் மேடாக நிற்க, மற்ற இடம் அரித்துப் பள்ளமாகும். தகட்டை மரக்கட்டையில் அடித்துப் பொருத்தினால் பிளாக் தயார். நியூஸ்பிரிண்ட் மையை உறிஞ்சிப் பரப்பிவிடும் என்பதால் அதற்கு அங்குலத்துக்கு 65 கோடு என்கிற மட்டில்தான் திரை போடுவார்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பர் என்றால் 120, 133 என்று போகும். மை ஒன்றே ஒன்று, கருப்பு. பையனின் கன்னத்தில் விழுந்திருக்கும் அந்த இளஞ்சாம்பல் வெயில் காகிதத்தில் எங்குமே இல்லை. நம் கண்தான் அதைக் கலந்து கொள்கிறது.

இது தெரிந்த படக்காரர் பத்திரிகைக்கு என்று தனியாகப் பிரிண்ட் போடுவார். நிழலைச் சற்று இளக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சில் கரி அப்பியதுபோல் அடைத்துக்கொள்ளும். என்லார்ஜர் வெளிச்சத்துக்குக் குறுக்கே கையைக் குவித்து, விரலை மெல்ல ஆட்டிக்கொண்டே இருட்டான மூலைக்கு இரண்டு விநாடி குறைப்போம். ஆட்டுவதை நிறுத்தினால் விரலின் நிழல் பிரிண்டில் விழுந்துவிடும். சிவப்பு விளக்கில், டிரேயில் கிடக்கும் வெள்ளைத் தாளில் முதலில் எழும்புவது எப்போதும் கருவிழிதான், அல்லது தலைமுடி. எத்தனை ஆயிரம் பிரிண்ட் போட்டவனுக்கும் அந்த நொடியில் மூச்சு நிற்கும்.

இந்தப் பக்கத்தில் அந்த வேலை பலித்திருக்கிறது. மட்டமான காகிதம், 40 வருஷத்துக்கு மேல் ஆகிப் பழுப்பேறியிருக்கிறது. ஆனாலும் லேஸின் முடிச்சு தெரிகிறது. கட்டைவிரலின் நகம் தெரிகிறது. பிளாக் போட்டவர் யாரோ, அமிலத்திலிருந்து தகட்டைச் சரியான நேரத்தில் தூக்கியிருக்கிறார். அவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

வெட்டியதைப் பற்றி இப்போது எனக்கு வேறு எண்ணம். பிரெஞ்சுப் படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் தன் படத்தை யாரும் வெட்டக் கூடாது என்பதில் பிடிவாதக்காரர். ரமண மகரிஷியின் கடைசி நாட்களில், 1950 ஏப்ரலில், திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தவர் என்று நம்மவர்களுக்கும் அவரைத் தெரியும். ஆனால் அவருடைய மிகப் புகழ்பெற்ற படம், பாரிஸின் சான்லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் தண்ணீரைத் தாண்டுகிற 1932ஆம் வருடத்துப் படம், வெட்டப்பட்டதுதான். வேலிப் பலகை இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தில் பலகை மறைத்திருந்தது. வெட்டிய பிறகுதான் அந்தத் தாவல் தாவலாயிற்று.

என் படத்தை வெட்டிய உதவி ஆசிரியரும் சரியாகவே வெட்டினார் என்று இன்று சொல்கிறேன். நான்கு விரல் அகலத்தில் இரண்டு முகம் போட்டால் இரண்டுமே எடுபடாது. கைகளை விட்டு வைத்தார். அப்பா யார், எப்படிப்பட்டவர் என்பதை அந்தக் கைகள் சொல்லிவிடுகின்றன. அன்று எனக்கு வயது 27; முகத்தில்தான் மனிதன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரை மாற்றிப் போட்டதை மட்டும் இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வெயில் சென்னை வெயில் இல்லை.

அதே 1979இல்தான் டி.எஸ். சத்யன் எடுத்த குழந்தைகள் படங்கள் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் யுனிசெஃப் ஆதரவில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. 1923இல் மைசூரில் பிறந்தவர். 1948இல் டெக்கான் ஹெரால்ட் தொடங்கிய ஆண்டிலேயே அதன் படக்காரராகச் சேர்ந்தவர். 'லைஃப்' பத்திரிகை வரைக்கும் போனவர். 1977இல் பத்மஸ்ரீ. எங்கள் தலைமுறைப் பெங்களூர்ப் படக்காரர்கள் அவர் படங்களைப் பார்த்தே தொழில் கற்றோம். மந்திரி, மாநாடு, கலவரம் எல்லாம் மற்றவர்களும் எடுத்தார்கள். சத்யன் மனம் போனது திண்ணைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும். ஏழைக் குழந்தையை எடுப்பார், பரிதாபம் கேட்க மாட்டார். அவர் படத்துக் குழந்தைகள் அவர் அங்கே இருப்பதை மறந்துவிட்டு அவரவர் காரியத்தில் இருக்கும். ஒரு படக்காரருக்கு அதைவிடப் பெரிய விருது கிடையாது என்பது என் தீர்ப்பு. ஆர்.கே. நாராயணுக்கு நண்பர் அவர். அந்தக் கதைகளில் நடமாடும் ஜனங்களும் சத்யன் படத்து ஜனங்களும் ஒரே தெருக்காரர்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

80 வயதைத் தாண்டிய பிறகு, 2005இல், 'அலைவ் அண்ட் கிளிக்கிங்' என்று தன் நினைவுகளை எழுதினார். படக்காரன் எழுத உட்கார்ந்தால் சுவையாகத்தான் வரும் என்று அதைப் படித்தபோது பட்டது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு பத்து நிமிஷம், பின்னால் ஒரு பத்து நிமிஷம் அவனிடம்தானே இருக்கிறது? 2009 டிசம்பரில் அவர் மறைந்தார்.

ஹோமாய் வியாரவாலா கதையும் நினைவுக்கு வருகிறது. 1913இல் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் படக்காரர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் மானெக்ஷா பெயரில்தான் அச்சில் வந்தன. சுதந்திரம் வந்த நாட்களின் தில்லியை அவர் கண் வழியாகத்தான் நாம் இன்றைக்கும் பார்க்கிறோம். 1970இல் கேமராவைக் கீழே வைத்தவர் வைத்தவர்தான். பரோடாவில் அக்கம்பக்கத்துக்கே தெரியாமல் வாழ்ந்தார். சபீனா கடியோக் அவரோடு உட்கார்ந்து பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கேட்டு, எழுதி 2006இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். பத்மவிபூஷண் வந்தது 2011இல். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் காலமானார். ஒருவர் போய்க் கேட்டதால் அந்த நினைவு பிழைத்தது. கேட்க ஆள் வராத வீடுகள் எத்தனையோ.

என் நெகட்டிவ் இப்போது இல்லை. ஒரு பெருமழை வருஷத்தில் கீழ்வீட்டு அறைக்குள் தண்ணீர் புகுந்து, தகரப் பெட்டியில் இருந்த சுருள்கள் ஊறின. பிலிமின் மேல்பூச்சு ஜெலட்டின். ஊறினால் இளகும், காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தபோது ஒன்றின் மேல் மற்றொன்றின் படம் உரிந்து வந்தது. பத்திரிகைக்கு அனுப்பிய பிரிண்ட் திரும்பவில்லை. ஆக, உலகத்தில் அந்தப் படம் இருக்கிற இடம் இந்தப் பக்கம் ஒன்றுதான். அதிலும் அப்பா இல்லை.

அவர் எனக்குள்தான் இருக்கிறார். இரண்டு நாள் தாடி. காதில் செருகிய பென்சில்; தச்சரோ, பட்டறைக்காரரோ. முடிச்சு சரியாக விழ வேண்டும் என்கிற அக்கறையில் நாக்கின் நுனியைப் பல்லுக்கு நடுவே கடித்துக்கொண்டிருந்தார், எழுதப் பழகும் பிள்ளை மாதிரி. கட்டி முடித்ததும் ஷூவை ஒரு தட்டுத் தட்டினார். வண்டி வந்தது. நிமிர்ந்தபோதுதான் என்னைப் பார்த்தார். "போட்டோவா சார்? எங்களுக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே பையனைத் தூக்கிப் பெட்டிக்குள் விட்டுத் தானும் ஏறினார். தருகிறேன் என்று தலையாட்டினேன். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தன் அப்பாவின் கைகள் ஒரு பழைய பத்திரிகையில் இருப்பது அவனுக்குத் தெரிய வழியில்லை.

பாயிடம் மறுநாளே போய் மூன்று கட்டையும் வாங்கிக்கொண்டேன். எடை போட்டு, எப்போதும் வாங்குகிற விலைதான் வாங்கினார். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஈஸ்ட் ஸ்டேஷன்தானே சார் இது?" என்றார். கீழே அச்சாகியிருந்த வரியை அவர் பார்க்கவே இல்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் ஆல்பம் இருக்கும், பரணில் பழைய பத்திரிகை இருக்கும். எடைக்குப் போடும் முன் ஒருமுறை புரட்டிவிடுங்கள். படத்தில் இருப்பவர்களைத் தெரிந்த பெரியவர் யாராவது இன்னும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொல்லும் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் படத்தின் பின்பக்கம், ஓரமாக, அழுத்தாமல் எழுதி வையுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம்; முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும். மென்மையான பென்சில் போதும்.