தயங்காத பொறி

கில்பர்ட் ஸ்ட்ராங் 1976-இல் வெளியிட்ட நேரியல் இயற்கணித நூல் நீக்கல் முறையில் தொடங்குகிறது. அணிக்கோவையை நான்காம் இயலுக்குத் தள்ளுகிறது. கற்பிப்போர் போற்றத்தக்க துணிவு இது. நிற்க, பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் மேட்லாப் இவ்வேலையை நொடியில் முடித்துவிடுகிறது. 1970-களின் இறுதியில் கிளீவ் மோலர் மாணாக்கருக்கென்றே ஆக்கிய கருவி அது. நன்று! ஆயினும், 1, 1/2, 1/3 எனப் பின்னங்கள் தொடரும் ஹில்பர்ட் அணியைப் பத்து நிரை, பத்து நிரலாக அதனிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். பதினாறு இலக்கத் துல்லியத்தில் பதின்மூன்று வரை கரையக்கூடும், எச்சரிக்கையும் எழாது. பொருள் அறியாது ஒப்பிக்கும் பிள்ளைக்கும் குரல் தடுமாறுவதில்லை அன்றோ? பிழை எத்தனை மடங்கு பெருகும் என்பதை ஸ்ட்ராங் ஏழாம் இயலில்தான் விரித்துரைக்கிறார். கணினிமுன் அமரும் மாணவனுக்கு அவ்வறிவு முதல் வாரமே வேண்டும்.