தூசியும் நாவலும்: ‘மைன் போய்’ பற்றிய சில அவதானிப்புகள்

பீற்றர் ஏபிரகாம்சின் ‘மைன் போய்’ 1946 இல் வெளிவந்தது. வடபுலக் கிராமமொன்றிலிருந்து ஜொகானஸ்பேர்க்கிற்கு வேலை தேடி வரும் சூமா என்னும் இளைஞன், தங்கச் சுரங்கத் தொழிலாளியாகி ஈற்றில் வேலைநிறுத்தத்தில் இறங்குவதே அதன் கதை. நிறவேறுபாட்டிற்கெதிரான நாவல் என்றே இது பெரிதும் பேசப்படுகிறது. அது தவறன்று; எனினும் போதாது. நாவலின் நடுவே வந்து மறையும் சிறு பாத்திரமொன்றையே இங்கு நாம் கவனத்திற்கெடுக்கிறோம்.

சூமாவுடன் வேலை செய்யும் ஒருவன் இருமுகிறான், இருமலை மறைக்கிறான். ஊரிலே குடும்பம், நிலத்தின்மீது வெள்ளையனொருவனுக்குரிய கடன். நோய் வெளிப்பட்டால் வேலை போகும். வேலை போனால் நிலம் போகும். இம்மறைப்பு அறியாமையால் விளைவதன்று. தன் சுவாசப்பையின் நிலையை அவன் நன்கறிவான். விற்பதற்கு அவனிடமுள்ளது உழைப்புச் சக்தி ஒன்றே. நோயுற்ற உழைப்புச் சக்தியை வாங்குவார் இல்லை என்பதையும் அவன் அறிவான். நோயாளி ஏன் நோயை ஒளிக்கிறான் என்ற வினாவுக்கு, மருத்துவ அறிக்கைகளிற் காண்பதற்கரிய விடையை நாவலாசிரியர் சில பக்கங்களிற் தந்துவிடுகிறார்.

இதன் பெறுமதியை உணர நோயின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். அப்பகுதித் தங்கம் சிலிக்கா செறிந்த பாறையுள் அடங்கியது. பாறையைத் துளைத்து வெடிவைக்கையில் எழும் நுண்தூசி சுவாசப்பையைத் தழும்பேற்றி இறுகச் செய்கிறது, காசநோய்க்கும் இடமளிக்கிறது. இது எவரும் அறியாத இரகசியமாக இருக்கவில்லை. 1911, 1912 ஆம் ஆண்டுகளிலேயே நட்டஈட்டுச் சட்டங்கள் தோன்றின. 1930 இல் சர்வதேசத் தொழில் அமைப்பின் சிலிக்கோசிஸ் மாநாடு ஜொகானஸ்பேர்க்கிலேயே கூடியது. ஆயினும் வெள்ளைத் தொழிலாளருக்கு எக்ஸ்கதிர்ப் படமும் முறையான பரிசோதனையும் கிட்ட, கறுப்புத் தொழிலாளர் கூட்டமாக நிறுத்தப்பட்டு நிறை பார்க்கப்பட்டனர். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு அனுப்பப்பட்டனர். தூசியை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் கழிந்தும் இந்நோய் தலைகாட்டக்கூடியது என்பது இவ்விடத்து மனங்கொளத்தக்கது. சுரங்க வாயிலிலே எண்ணினால் நோயாளர் தொகை குறைவாகத்தானே இருக்கும்! ஜொக் மக்கலொக் 2012 இல் வெளியிட்ட நூல் இந்தக் குறைந்த கணக்கின் அரசியலை விரிவாக ஆராய்கிறது.

ஆய்வாளர் ஊர்களுக்குச் சென்றபோது கணக்கு மாறியது. போட்சுவானாவின் தாமாகாவில் முன்னாட் சுரங்கத் தொழிலாளர் 304 பேரைப் பரிசோதித்து 1997 இல் வெளியான ஆய்வு, அவர்களுள் 26 முதல் 31 வரையான சதவீதத்தினரிடம் தூசிநோயைக் கண்டது. முன்னைய திரான்ஸ்கெய்ப் பிரதேசத்து லிபோடேயில் 238 பேரை ஆராய்ந்த 1998 ஆம் ஆண்டு ஆய்வில், படங்களை வாசித்தவருக்கேற்ப 22 சதவீதம் என்றும் 36 சதவீதம் என்றும் முடிவுகள் வேறுபட்டன. (வாசிப்பு வேறுபாடு இலக்கிய விமர்சகருக்கு மட்டும் உரிய நோயன்று போலும்.) குறைந்த கணக்கைக் கொண்டாலும், ஐவரில் ஒருவருக்கு மேல்.

இனி நாவலுக்கு மீள்வோம். இருமும் மனிதனை ஏபிரகாம்ஸ் என்ன செய்கிறார்? வெள்ளை மேற்பார்வையாளனான பாடியின் பரிவு அவனுக்கு ஒரு வழி காட்டுகிறது. அவன் ஊர் திரும்புகிறான். நாவல் அவனைப் பின்தொடரவில்லை. சுரங்கம் அவனைக் கைவிடும் அதே இடத்திலேயே கதையும் கைவிடுகிறது. உழைப்பாளியை வளர்த்தெடுக்கும் செலவையும், பயன்தீர்ந்தபின் பராமரிக்கும் செலவையும் கிராமத்து நிலத்தின் தலையிற் கட்டியே மலிந்த உழைப்பு பெறப்பட்டது என ஹரோல்ட் வோல்பே 1972 இல் வாதிட்டார். அந்தக் கிராமம் இந்நாவலில் நினைவாக மட்டுமே நிற்கிறது.

வேலைநிறுத்தம் எதனால் வெடிக்கிறது என்பதும் இதனோடு தொடர்புடையது. சுரங்கம் இடிந்து ஜொஹானசும் கிறிசும் மாள்கின்றனர். அதன் பின்னரே தொழிலாளர் உள்ளிறங்க மறுக்கின்றனர். கணப்பொழுதிற் கொல்லும் பாறைக்கு எதிராகப் போராட்டம். ஆண்டுக்கணக்கிற் கொல்லும் தூசிக்கோ தனிமனிதப் பரிவு. முதலில் மனிதன், பின்னரே நிறம் என்னும் பாடியின் மனிதாபிமானம் இவ்வேறுபாட்டைக் காண உதவவில்லை. நாவலின் யதார்த்தவாதம் கண்ணுக்குப் புலப்படும் விபத்தோடு நின்றுவிடுகிறது என்பதே எமது துணிபு. முதலாவது காட்சியின் நேர்மையை நாம் மதிப்பதனாலேயே இக்குறை எம்மை உறுத்துகிறது.

நாவல் கைவிட்ட மனிதர்கள் பின்னர் திரளாகவே நீதிமன்றம் ஏறினர். தொழில்வழங்குநர்மீது வழக்குத் தொடரும் உரிமையை அரசியலமைப்பு நீதிமன்றம் 2011 இல் ஏற்றது. கூட்டு வழக்குக்கு 2016 இல் அனுமதி கிடைத்தது. 2019 இல் இணக்கப்பாடு நீதிமன்ற அங்கீகாரம் பெற்றது. வழக்கு நடக்கையில் இறப்பவரின் வேதனைக்கான நட்டஈடு அவருடைய குடும்பத்தாரைச் சேரும் என்பதும் அந்த 2016 தீர்ப்பின் ஓர் அம்சமாகும்.