ஏழு ரிங்கிட்டின் ருசி

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் குடிகாரர்களுக்குப் பஞ்சமே இல்லை. கள்ளுக்கடையிலிருந்து தள்ளாடி வரும் அப்பா, சம்சு குடித்துச் செத்துப்போகும் சித்தப்பா, சம்பள நாளன்றே காலியாகும் சட்டைப்பை. ஆனால் அவர்கள் குடித்தது எப்படி இருந்தது என்று சொன்ன கதை ஒன்றுகூட எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. புளித்ததா, கசந்ததா, தொண்டையில் எரிந்ததா? கதாசிரியர் வாயைத் திறக்கமாட்டார்.

இந்த யோசனையோடுதான் போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் வேலையிடத்து நண்பர்கள் இருவரும் எங்கள் தாமான் வீட்டில் உட்கார்ந்தோம். கூட மாமாவும் வந்திருந்தார், முன்னாள் பால்மரத் தொழிலாளி. சூப்பர்மார்க்கெட்டின் ஹலால் அல்லாத பிரிவில், கீழ்த்தட்டில் கிடக்கும் மலிவான டின்கள் மட்டும்தான் என்பது நாங்கள் வைத்த விதி. ஒருவர் சமையலறையில் எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி எண் ஒட்டிக் கொண்டுவருவார், மற்றவர்களுக்கு எது எதுவென்று தெரியாது. லேபிள் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும்.

ஒன்றாம் எண், இறக்குமதி லாகர். 500 மில்லி, 5 சதவீதம், ஏழரை ரிங்கிட். முதல் வாயில் ஊறவைத்த அரிசி வாசம், பின்னால் லேசாக அவித்த சோளம். கசப்பு வருவதற்குள் போய்விடுகிறது. குறை சொல்லுமளவுக்கு அதில் ஒன்றுமில்லை, அதுவே அதன் குறை. பத்துக்கு ஆறு.

இரண்டாம் எண், உள்ளூர் லாகர். 320 மில்லி, 5 சதவீதம், ஆறு ரிங்கிட். ஜில்லென்று இருக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டுக் குடித்தால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. பீருக்குள் காற்று புகுந்து பழசானால் வரும் வாசம் இது. குளிர் நாக்கையும் மூக்கையும் மரத்துப்போக வைக்கும். மலிவு பீரை உறையும் குளிரில் குடிக்கச் சொல்வதன் ரகசியம் அதுதான். நம் ஊரில் பீரில் ஐஸ் போடுவதைக் கிண்டலடிப்பவர்கள் இதை யோசிக்கலாம். ஐந்து.

மூன்றாம் எண், ஸ்ட்ராங் பீர். 500 மில்லி, 8.8 சதவீதம், பத்து ரிங்கிட் 90 சென். வெல்லப்பாகு மாதிரி ஒரு இனிப்பு, அதன் மேல் நெயில் பாலிஷ் வாசம். அவசரமாகவும் சூடாகவும் புளிக்கவைத்தால் ஈஸ்ட் இப்படித்தான் பழிவாங்கும். மூன்று.

நான்காம் எண், ஆப்பிள் சைடர். 320 மில்லி, 4.5 சதவீதம், ஒன்பது ரிங்கிட். சைடர் என்பது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்தது. ஆனால் பிரிட்டனிலேயே 2010 முதல் 35 சதவீதம் சாறு இருந்தால் போதும், சைடர் என்று சொல்லிக்கொள்ளலாம். எங்கள் டம்ளரில் இருந்தது சின்ன வயதில் கிளினிக்கில் கொடுத்த இருமல் சிரப்பின் தம்பி. நான்கு.

மதிப்பெண்களை எழுதி முடித்துவிட்டு மாமாவைப் பார்த்தேன். மூன்றாம் டம்ளரை மட்டும் காலி செய்திருந்தார்.

“இது எப்படி மாமா நல்லா இருக்கு?”

“நல்லா இருக்குன்னு யார்ரா சொன்னா? இதுல ருசி எங்க பாக்கறது. வேலை செய்யுதான்னுதான் நாங்க பாத்தோம்.”

எஞ்சினியர் புத்தி, உடனே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மில்லி சாராயத்துக்கு சைடரில் 62 சென், உள்ளூர் லாகரில் 37, இறக்குமதியில் 30, ஸ்ட்ராங்கில் 25. நான் மூன்று போட்டதுதான் மாமாவின் கணக்கில் முதலிடம். 2016-இல் இந்த நாட்டில் பீருக்கான கலால் வரியைச் சுத்தமான சாராயத்தின் அளவுக்கு மாற்றினார்கள், லிட்டருக்கு 175 ரிங்கிட். அந்த விகிதத்தில் ஒன்றாம் எண் டின்னில் நான்கு ரிங்கிட் 37 சென் வரிக்கே போய்விடும். மிச்சம் மூன்று ரிங்கிட் சொச்சத்தில் பீர், டின், கப்பல், கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். அதில் போய் ருசியைத் தேடி மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

தமிழுக்கு இந்தச் சுவை தெரியாமல் இல்லை. தேறல், நறவு, தோப்பி, மட்டு என்று சங்கப் பாடல்களில் எத்தனை சொற்கள்! பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கூழை ஆறவைத்து, இடித்த முளையைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிடும் செய்முறையே இருக்கிறது. இன்றைய ஆலையில் பார்லியை முளைகட்டுவதும் இதற்காகத்தான். முளைத்த தானியத்தின் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்கும்.

அப்படிப்பட்ட மொழி தோட்டத்துக்கு வந்ததும் ‘தண்ணி’ என்ற ஒரே சொல்லில் சுருங்கிப்போனதற்குக் காரணம் உண்டு. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. கொடுத்த கூலி அங்கேயே திரும்பிப் போனது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் கேட்டவற்றில் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் ஒன்று. அந்த அனுபவத்திலிருந்து எழுத வந்தவர்கள் ருசியைப் பற்றி எழுதக் கூசியிருப்பார்கள். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் விலையையும் சொல்ல வேண்டும். ருசி இல்லாத இடத்தில் குடிப்பவனும் மனுஷனாக இல்லாமல், பாடம் சொல்ல வந்த பொம்மையாகிவிடுகிறான். மாமா சொன்ன அந்த ஒரு வாக்கியம், ருசி பார்க்கக்கூட வசதியில்லாமல் குடித்தோம் என்பது, எந்தக் கதையிலும் வராமல் போய்விடுகிறது.

அன்று ராத்திரி டம்ளர்களைக் கழுவ எடுத்துப்போன அம்மா ஒன்றாம் எண்ணை மூக்கருகில் வைத்துப் பார்த்தார். அம்மா வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. முப்பது வருஷம் வாசனையை மட்டும் பிடித்தவர்.

“பழைய சோத்துத் தண்ணி வாசம்,” என்றார். “ஒங்கப்பா சட்டையில இதுதான் இருக்கும். சாப்பிடாம தூங்கிட்டாரேன்னு தோணும்.”

நாங்கள் நான்கு பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதிய குறிப்புகளில் இப்படி ஒரு வரி இல்லை. ஊறவைத்த அரிசி என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு அம்மாவின் சொல்லை எழுதிக்கொண்டேன். மதிப்பெண்ணை மாற்றவில்லை. ஆறுதான்.