மறதியும் வர்க்க நினைவும்: ஆனி எர்னோவின் இரு நூல்கள் பற்றிய ஒரு நோக்கு

மாக்ஸிம் கோர்க்கியின் 'தாய்' 1906ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. ரகுநாதனின் மொழிபெயர்ப்பு வழியே தமிழ் வாசகர் நன்கறிந்த அந்நாவலில், அடியுண்டு அஞ்சி வாழ்ந்த தொழிலாளி மனைவி ஒருத்தி படிப்படியாக அரசியற் பிரக்ஞை பெறுகின்றாள். முற்போக்குத் திறனாய்வு தாயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இவ்வளர்ச்சியையே முன்மாதிரியாகக் கொண்டு வந்துள்ளது. ஆனால் பிரக்ஞை வளர்வதற்குப் பதிலாகத் தேய்ந்து மறையும் தாயைப் பற்றி அது என்ன கூறும்? நினைவிழந்த பெற்றோரைப் பேணும் துயர் இலக்கியப் பொருளாகும்போது, 'இது தனிமனித சோகம்' என ஒதுக்கிவிடுவதே வழக்கமாயிருந்துள்ளது. நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே கருதியதுண்டு. அவ்வழக்கம் தவறானது என்பதே இங்கு நாம் கூற விழைவது.

2022ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஆனி எர்னோ, தம் தாயைப் பற்றி இரு நூல்கள் எழுதியுள்ளார். 'ஒரு பெண்' 1988இலும், 'என் இரவிலிருந்து நான் வெளியேறவில்லை' 1997இலும் வெளிவந்தன. நோர்மண்டியில் 1906இல் பிறந்த அத்தாய், மாஜரீன் தொழிற்சாலையிலும் பின்னர் கயிற்றுத் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர். மணமான பின் கணவரோடு சேர்ந்து, கோப்பிக்கடையும் பலசரக்குக்கடையும் ஒன்றாயமைந்த சிறு வணிகத்தை நடத்தியவர். அவ்வுழைப்பின் பயனாகவே மகள் உயர்கல்வி பெற்று ஆசிரியரானார். முதுமையில் அல்ஸைமர் நோய்க்கு ஆளான தாய், சில மாதங்கள் மகளின் வீட்டிலும், பின்னர் பொன்துவாஸ் வைத்தியசாலையின் முதியோர் பிரிவிலும் வாழ்ந்து, 1986 ஏப்ரல் 7ஆம் திகதி காலமானார்.

'ஒரு பெண்' தாயின் மரணச் செய்தியோடு தொடங்குகின்றது. ஆயினும் அது ஒப்பாரியன்று. தாயை அவர் வாழ்ந்த காலத்திலும் வர்க்கத்திலும் வைத்து அறிய முனையும் நூல். புத்தகங்களைத் தொடுமுன் கைகழுவிக்கொள்ளும் தாயை எர்னோ நினைவுகூர்கின்றார். கல்வி மறுக்கப்பட்ட ஒரு வர்க்கம் கல்வியின்மீது கொண்ட மதிப்பு அச்சிறு செயலில் திரண்டுள்ளது. கணவரை இழந்தபின் 1970இல் மகள் குடும்பத்துடன் வாழவந்த தாய், அந்த நடுத்தரவர்க்க வீட்டில் ஓய்ந்திராது வேலைகளைத் தாமே இழுத்துப்போட்டுச் செய்கின்றார். தாம் வேலைக்காரியாகிவிட்டோமோ என்ற மனத்தாங்கலும் அவருக்கு உண்டு. ஒரே கூரையின்கீழ் இரு வர்க்கங்கள் வாழ்கின்றன. மகளை உயர்த்திய உழைப்பே தாயை மகளிடமிருந்து பிரித்தும் விட்டது. எனவே தாயின் மறதி வெறும் நோய்க்குறி அன்று. மகள் விட்டுவந்த உலகின் கடைசிச் சாட்சி, உயிரோடிருக்கும்போதே அழிகின்றது. உயிரோடிருப்பவருக்காகக் கொள்ளும் அத்துயரில் வர்க்கம் மாறியவரின் குற்றவுணர்வும் கலந்துள்ளது.

இரண்டாவது நூல் வேறு வகையானது. 1983இன் இறுதி தொடக்கம் தாயின் மரணம்வரை எர்னோ அவ்வப்போது எழுதிவைத்த குறிப்புகளின் தொகுப்பு அது. தோழி ஒருவருக்கான கடிதத்தில் தாய் எழுதிய கடைசி வாக்கியமே நூலின் தலைப்பாயிற்று. இங்கு வாழ்க்கை வரலாறு இல்லை. நகம் வெட்டுதல், கேக் ஊட்டுதல், சிறுநீர் நாற்றம், ஒவ்வொன்றாகத் தொலையும் உடைமைகள் ஆகியனவே உள்ளன. தாய் குழந்தையாகிவிட்டார், அக்குழந்தைக்குத் தாயாக மகளால் இயலவில்லை. அன்பும் அருவருப்பும் சினமும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. முதல் நூலில் தாம் எய்திய ஒருமையைக் கேள்விக்குள்ளாக்குவதற்காகவே இக்குறிப்புகளை வெளியிடுவதாக எர்னோ முன்னுரையில் உணர்த்துகின்றார்.

இவ்விடத்தில் மார்க்சியத் திறனாய்வாளர் ஒரு தடையை எழுப்பக்கூடும். கதைகூறலுக்கும் விவரித்தலுக்கும் இடையிலான வேறுபாட்டை 1936இல் ஆராய்ந்த ஜோர்ஜ் லூக்காச்சின் அளவுகோலைக் கொண்டால், முதல் நூல் யதார்த்தவாதத்தின் பாற்படும். இரண்டாவது, தொடர்பறுந்த விவரங்களில் தேங்கிய இயற்பண்புவாதமாகிவிடும். இம்முடிபை நாம் ஏற்பதற்கில்லை. நினைவிழந்தவரின் நாட்களுக்குத் தொடர்ச்சி இல்லை. அவரைப் பேணுபவரின் நாட்களோ ஒன்றையொன்று ஒத்தவை. வரலாற்றுக் கதையாகக் கோக்கப்படும்போது அவ்வனுபவத்தின் சுமை நழுவிப்போகின்றது. முதல் நூல் வர்க்கத்தைக் காட்டுகின்றது. இரண்டாவது, அவ்வர்க்கம் தன் உழைப்பால் தேய்த்துக்கொண்ட உடலைக் காட்டுகின்றது. ஒன்றின்றி மற்றது முழுமையாகாது.

எனினும் எர்னோவின் பார்வைக்கும் ஓர் எல்லையுண்டு. அவர் எழுதுவது பெரும்பாலும் பார்க்கவரும் மகளின் நிலையிலிருந்தே. அன்றாடம் குளிப்பாட்டி உணவூட்டும் தாதியரும் பணிப்பெண்களும் ஓரத்திலேயே நிற்கின்றனர். இவ்விடைவெளியை உணர்த்தும் படைப்பு, ஜப்பானிய எழுத்தாளர் அரியோஷி சவாகோ 1972இல் வெளியிட்ட 'கோகோத்சு நோ ஹிட்டோ' என்ற நாவல். சட்ட அலுவலகமொன்றில் வேலைபார்க்கும் அகிகோ, முன்னர் தன்னைக் கடிந்து வருத்திய மாமனாரை அவரது மறதிக் காலத்திற் பேண வேண்டியவளாகின்றாள். மாமனார் தம் சொந்த மகனையே அறியாதவராகின்றார்; மருமகளையோ அறிந்துகொள்கின்றார். மகனோ பொறுப்பிலிருந்து விலகி நிற்கின்றான். பாசம் என்று போற்றப்படுவது, கூலியற்ற பெண்ணுழைப்பாகவும் இருத்தல் கூடும் என்பதை இந்நாவல் தெளிவாக்குகின்றது. முதுமையின் நிலையை வர்க்கமும் பெருமளவு தீர்மானிக்கின்றது என 1970இல் 'முதுமை' நூலில் சிமோன் த போவார் வாதித்தமையும் இங்கு கருதத்தக்கது.

எமது சூழலுக்கும் இது புறம்பானதன்று. 1983இன் பின் பிள்ளைகள் பலர் புலம்பெயர, முதியோர் பலர் ஊரிலேயே தனித்திருந்தனர். அவர்களது நினைவு மங்கும்போது, துயருறுபவர் கடல்கடந்தும், பேணுபவர் அருகிலும் இருக்கின்றனர். அருகிலிருப்பவர் பெரும்பாலும் ஒரு பெண். உறவினராகவோ கூலிக்கு வந்தவராகவோ இருப்பவர். அவரது துயரை எழுதியவர் யார்? தாயைக் குறியீடாகப் போற்றுவது எளிது. தன் பெயரையே மறந்த தாயையும் அவர் கையைக் கழுவிவிடும் பெண்ணையும் ஒருசேரக் காணும்போதே எமது இலக்கியமும் திறனாய்வும் உழைப்பைப் பற்றி முழுமையாகப் பேசியனவாகும்.