கான்வேயும் ஒரு இஃப் கண்டிஷனும்

மெல்வின் கான்வே 1968இல் வெளியிட்ட 'ஹவ் டூ கமிட்டீஸ் இன்வென்ட்?' கட்டுரையை நாம் ஒற்றை வரியாகச் சுருக்கிவிட்டோம்: ஒரு நிறுவனத்துக்குள் பேச்சு எப்படி ஓடுகிறதோ, அது உருவாக்கும் அமைப்பும் அப்படியே இருக்கும். முழுசா வாசிச்சப்போ எனக்கு ஒரு குறை தட்டுப்பட்டது. யாருக்கும் யாருக்கும் இடையே பாதை இருக்கிறது என்பதில்தான் அவர் கவனம். பாதை இருந்தும் வாய் திறக்காதவனை என்ன செய்வது?

ஐரோப்பியக் குழு அனுப்பும் நேரம் யுடிசியா, உள்ளூர் நேரமா என்று எனக்குத் தெரியவில்லை. சாட் திறந்துதான் கிடந்தது. 'இதுகூடத் தெரியாதா' என்று நினைப்பார்களோன்னு கேட்கவில்லை; ஊகித்து ஒரு இஃப் கண்டிஷன் போட்டேன். மார்ச் கடைசியில் அங்கே கடிகாரத்தை மாற்றினார்கள். ஒரு மணி நேரம் பிசகியது. கான்வே சொன்ன வடிவம் சரிதான். அதில் என் கூச்சமும் நாலு வரியாக இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த பெண் போன வாரம் கேட்டாள்: "அண்ணா, இந்த நாலு வரி எதுக்கு?"